பத்து நிமிடப் படத்திலிருந்து தொடங்குங்கள்: பழைய ரஷ்யப் படங்கள் வழியாக ரஷ்ய மொழி

ரஷ்ய மொழி கற்க ஆசைப்பட்டுப் படம் தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் போய் விழுவது இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியிடம். 1979இல் வந்த ‘ஸ்டாக்கர்’ ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். மொத்தமே 142 ஷாட்கள். பேச்சு தொடங்கவே நேரம் பிடிக்கும். தொடங்கினாலோ, மூன்று பேர் நம்பிக்கை, அறிவியல், எழுத்து என்று வாதாடுவார்கள். கடையில் ரொட்டி கேட்கத் தெரியாதவருக்கு அதிலிருந்து ஒரு வாக்கியம்கூடத் தேறாது. படம் மகத்தானதுதான். ஆனால் ஆரம்பப் பாடமாக அதைவிட மோசமான தேர்வு இல்லை.

மொழிக்காகப் படம் பார்ப்பவர் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, குரலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நடிகரின் குரலைச் சில படங்களில் தொடர்ந்து கேட்டால், அவர் எந்த எழுத்தை விழுங்குவார், எங்கே நிறுத்துவார் என்பது காதுக்குப் பழகிவிடும். அதன்பிறகு புதிய சொற்களோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். இந்த வழிகாட்டி அலெக்ஸேய் பத்தாலவ் என்ற நடிகரின் குரலைப் பிடித்துக்கொண்டு போகிறது. ‘மூடுபனியில் முள்ளெலி’ என்ற 1975ஆம் ஆண்டின் பத்து நிமிட அனிமேஷன் படத்தில் கதைசொல்லி அவர். 1957இன் ‘கொக்குகள் பறக்கின்றன’ படத்தில் போரிஸ் அவர். 1960இல் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ படமானபோது கூரவ் அவர். 1980இல் வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ படத்தில் கோஷாவும் அவரே. அவசரமில்லாத, தெளிவான உச்சரிப்பு. நான்கும் ஏறுவரிசையில் கடினமாவது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்துச் சோவியத் படங்கள் கற்பவருக்கு ஏற்றவையாக இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பெரும்பாலான வசனங்கள் படப்பிடிப்புக்குப் பிறகு ஸ்டுடியோவில் தனியாகப் பதிவு செய்யப்பட்டவை. தெருச் சத்தமோ காற்றோ குறுக்கிடாது. நடிகர்கள் பலரும் நாடக மேடையில் பயின்றவர்கள் என்பதால் வாக்கியத்தின் கடைசி எழுத்துவரை காதில் விழும். இதற்கு விலையாக உதட்டசைவு சில இடங்களில் பொருந்தாது. 1976 புத்தாண்டு நாளில் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான ‘விதியின் விளையாட்டு’ படத்தின் நாயகி பார்பரா பிரில்ஸ்கா போலந்துக்காரர். அவருக்குக் குரல் கொடுத்தவர் வலென்தீனா தலீஸினா, பாடியவர் ஆல்லா புகச்சோவா. ஆகவே உதட்டைப் பார்த்து உச்சரிப்புப் பழகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். காதை மட்டும் நம்புங்கள்.

படத்துக்கு முன் இரண்டு வாரம்

எழுத்துகள் 33. உயிர் 10, மெய் 21, தனியாக ஒலிக்காத குறிகள் 2. நாளுக்கு நான்கைந்து எழுத்து என்று எடுத்தால் ஒரு வாரத்தில் முடியும். இரண்டாவது வாரம் கைபேசியில் ரஷ்ய விசைப்பலகையை நிறுவி, தினமும் இருபது சொற்கள் தட்டச்சு செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. குறிப்பேட்டில் ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். ரஷ்ய மொழியில் வீட்டுக்கு ஒரு சொல், நூலின் ஒரு தொகுதிக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் ‘தோம்’ என்றுதான் எழுத முடியும். முதலாவதில் ‘அந்த’ என்று சொல்லும்போது ‘ந்’துக்குப் பின் வருகிற அதிரும் த, இரண்டாவதில் ‘பத்து’ என்பதில் வருகிற அதிராத த. குடிப்பதும் அடிப்பதும் இதேபோல ‘பீத்’ என்றே வந்து நிற்கும். நம் எழுத்து இடத்தை வைத்து ஒலியைத் தீர்மானிக்கும், ரஷ்யன், அதாவது ரஷ்ய மொழி, அப்படியல்ல. இந்தக் கட்டுரையில் சொற்களைத் தமிழில் எழுதியிருப்பது படிக்கும் வசதிக்காக மட்டுமே. அழுத்தம் விழும் உயிரை நெடிலாகக் காட்டியிருக்கிறோம்.

ஒலிகளில் தமிழருக்குச் சாதகமானவை நிறைய. ரஷ்யத் த நம் த போலப் பல்லில் நாக்கு படுவது. ஆங்கிலவழிப் பாடநூலைப் பார்த்து ‘ட’ போட்டுப் பேசினால் உடனே அந்நியமாக ஒலிக்கும். ‘ஷ’ நம் ‘ஷ’வேதான். கரகரக்கும் ‘ஹ’வுக்கு ‘பகல்’ என்பதை வேகமாகச் சொல்லும்போது தொண்டையில் உரசும் க பக்கத்தில் வரும். எல்லோரையும் திணறடிக்கும் ‘ஊ’வும் அல்லாத ‘ஈ’யும் அல்லாத ஓர் உயிர் உண்டு. அதற்கு ‘அது’, ‘எடு’ என்று முடியும்போது உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்தைப் பிடித்து, நாக்கைச் சற்று முன்னே தள்ளினால் போதும். இயக்குநர் கைதாயின் 1965ஆம் ஆண்டு நகைச்சுவைப் படத்தில் திருட்டுத் திட்டத்துக்கு வைத்திருக்கும் பெயரே இந்த ஓர் எழுத்துதான். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், ‘யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக’ என்பான் ஒருவன். ரஷ்யச் சொல் எதுவும் அந்த எழுத்தில் தொடங்காது என்பது தெரிந்தால்தான் அந்தச் சிரிப்பு முழுதாகப் புரியும்.

பாதகமானது அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ரஷ்யனில் ‘ஸாமக்’ என்றால் கோட்டை, ‘ஸமோக்’ என்றால் பூட்டு. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அழுத்தம் விழாத ‘ஓ’ எழுத்து ‘அ’வாக ஒலிக்கும். பாலுக்கான சொல்லை ‘மொலொகொ’ என்று எழுதி ‘மலகோ’ என்று சொல்வார்கள். அச்சில் அழுத்தக் குறி இருக்காது. அதனால் ஒவ்வொரு புதுச்சொல்லையும் விக்சனரியிலோ ஓப்பன்ரஷ்யன் தளத்திலோ பார்த்து, அழுத்த உயிரின் மேல் சிவப்பில் ஒரு கோடு போட்டுத்தான் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். இதைச் சோம்பலால் விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் திரும்பக் கற்க வேண்டி வரும்.

ஒரு இருநூறு சொற்களாவது தெரியாமல் படத்தில் இறங்க வேண்டாம். ரஷ்ய மொழித் தேர்வின் முதல் படிக்கு ஏறத்தாழ 780 சொற்கள் கேட்கிறார்கள். அதில் கால்வாசி இருந்தால் முள்ளெலியைத் தொடலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கஸ்தூரி ரங்கா சாலையிலுள்ள ரஷ்ய இல்லத்தில் மொழி வகுப்பு நடக்கிறது. ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இந்த இரண்டு வாரத்தைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

தமிழ் தெரிந்தவருக்கு இனாமாகக் கிடைப்பவை

ஆங்கிலவழிப் பாடநூல்கள் வேற்றுமையைப் பூதமாகக் காட்டும். ரஷ்யனில் வேற்றுமை ஆறு. எட்டோடு வளர்ந்தவருக்கு ஆறு பெரிதில்லை. அதிலும் நான்காம் வேற்றுமை ‘கு’ அப்படியே வந்து நிற்கும் இடங்கள் உண்டு. ‘எனக்கு இருபது வயது’ என்பதை ரஷ்யர்களும் ‘எனக்கு’ என்றே தொடங்குவார்கள்: ம்ன்யே த்வாத்ஸத் ல்யேத். எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கிறது எல்லாம் இதே அச்சு. ‘நான் மாணவன்’ என்பதில் வினை இல்லாதது போலவே அங்கும் இல்லை. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதும் ஏறக்குறைய அப்படியே. இவற்றை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வராமல் நேரே தமிழிலிருந்து எடுங்கள்.

நீ, நீங்கள் வேறுபாடும் அங்கே உண்டு: தீ, வீ. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒன்றாகிவிடும். 1977இன் ‘அலுவலகக் காதல்’ படத்தின் பாதி நாடகமே, மேலதிகாரிப் பெண்ணும் எழுத்தரும் எப்போது எதைச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தமிழ்க் காது இதைத் தவறவிடாது.

வழுக்கும் இடம் வேறு. நம் வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் மட்டும் ஒட்டும். ரஷ்யனில் பின்னால் விகுதி மாறும், முன்னாலும் ஒரு சொல் வரும். அந்த முன்சொல் பல நேரம் ஒற்றை மெய்தான்: வ், க், ஸ். உயிரே இல்லை. அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு காற்றாய்ப் போய்விடும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் இது காதில் விழாது. விகுதியை வைத்து இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கப் பழகுவதே வழி.

கருவிகள்

மோஸ்ஃபில்ம், லென்ஃபில்ம், சயூஸ்முல்த்ஃபில்ம் ஆகிய மூன்று ஸ்டுடியோக்களுக்கும் யூடியூப் சேனல் உண்டு. மோஸ்ஃபில்ம் தன் பழைய படங்களை முழுநீளமாக இலவசமாக வைத்திருக்கிறது. பலவற்றுக்கு ரஷ்ய சப்டைட்டிலும் ஆங்கில சப்டைட்டிலும் சேர்ந்தே இருக்கும். எது எந்த நாட்டில் திறக்கும் என்பது அவ்வப்போது மாறும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அமைப்புகளில் ரஷ்ய சப்டைட்டில் இருக்கிறதா, அது தானாக உருவானதா என்று பாருங்கள். தானாக உருவானது பின்னணி இசை வரும் இடத்தில் வாக்கியங்களையே விட்டுவிடும், பழைய ஒற்றைத்தட ஒலியில் விகுதிகளைத் தப்பாக எழுதும். விகுதிக்காகத்தானே பார்க்கிறோம், அதுவே தப்பென்றால் என்ன பயன்?

கணினி உலாவியில் லாங்குவேஜ் ரியாக்டர் நீட்சியை நிறுவினால் இரண்டு மொழி சப்டைட்டிலையும் ஒன்றாகக் காட்டும். வேகத்தை 0.75க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அதற்குக் கீழே மெய்யெழுத்துகள் குழைந்து, எந்த ரஷ்யரும் பேசாத ஒரு ரஷ்யன் காதில் ஏறும்.

படத்தைக் கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு விஎல்சி பிளேயர் போதும். காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்ட, மேம்பட்ட கட்டுப்பாடுகளை இயக்கி அதிலுள்ள ஏ-பி பொத்தானைத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் அழுத்துங்கள். இரண்டு கோளாறுகள் கட்டாயம் வரும். ஒன்று, சப்டைட்டில் புரியாத குறிகளாகத் தெரிவது. பழைய ரஷ்யக் கோப்புகள் விண்டோஸ்-1251 குறியாக்கத்தில் இருக்கும். விருப்பத்தேர்வுகளில் சப்டைட்டில் பகுதிக்குப் போய்க் குறியாக்கத்தைச் சிரிலிக் விண்டோஸ்-1251 என்று மாற்றி, விஎல்சியை மூடித் திறந்தால் சரியாகும். இன்னொன்று, சப்டைட்டில் பேச்சோடு பொருந்தாதது. தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் ஜி, ஹெச் விசைகளால் சரிசெய்யலாம். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் அது வேறு நோய்: திரைப்படத்தின் வேகம் விநாடிக்கு 24 சட்டகம், தொலைக்காட்சிப் பதிப்பின் வேகம் 25. தொண்ணூறு நிமிடப் படத்தின் முடிவில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். விசையை அழுத்தி மாளாது. அந்தப் பதிப்புக்கு உரிய சப்டைட்டிலைத் தேடுவதுதான் தீர்வு.

முள்ளெலியோடு இரண்டு வாரம்

யூரி நர்ஷ்தேயின் இயக்கிய இந்தப் படத்தில் நடப்பது இவ்வளவுதான்: முள்ளெலி ஒன்று ராஸ்ப்பெரி ஜாமை எடுத்துக்கொண்டு தன் நண்பன் குட்டிக் கரடியைப் பார்க்கக் கிளம்புகிறது, வழியில் மூடுபனிக்குள் இறங்குகிறது, தொலைந்துபோகிறது, வந்துசேர்கிறது. பேச்சு குறைவு. பத்தாலவின் கதைசொல்லலுக்கு இடையில் நீண்ட மௌனம். அந்த மௌனம் நமக்கு யோசிக்க நேரம்.

முதல் வாக்கியத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். ப விச்சிராம் யோஷிக் ஹதீல் க் மித்விஷோன்கு ஷித்தாத் ஸ்வ்யோஸ்தி. மாலை நேரங்களில் முள்ளெலி குட்டிக் கரடியிடம் நட்சத்திரம் எண்ணப் போய்வரும்.

‘ஷித்தாத்’ என்பது எண்ண. ‘எண்ணப் போனான்’ என்பதில் நாம் செய என்னும் எச்சத்தைப் போடுகிற அதே இடத்தில் ரஷ்யன் வினையின் மூல வடிவத்தைப் போடுகிறது. ‘ஸ்வ்யோஸ்தி’ நட்சத்திரங்கள், செயப்படுபொருள்தான், ஆனால் எழுவாயாக வரும்போது இருந்த வடிவம் மாறவில்லை. நாமும் அஃறிணைக்கு ‘ஐ’ இல்லாமல் ‘நட்சத்திரம் எண்ணினான்’ என்போம், ஆளென்றால் ‘அவனைப் பார்த்தேன்’ என்று ஐ போட்டே தீர வேண்டும். ரஷ்யனிலும் உயிருள்ளது, உயிரற்றது என்று இந்தப் பிரிவு உண்டு. ‘க்’ என்பது அந்த ஒற்றை மெய் முன்சொல். அது வந்தால் பின்னால் வருவது ‘கு’ வேற்றுமை, ஆகவே ‘மித்விஷோனக்’ என்ற கரடிக்குட்டி ‘மித்விஷோன்கு’ ஆகிறது. விகுதியின் கடைசி உகரம் தமிழுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க உதவும். ‘ஹதீல்’ என்பது ஒருமுறை போனதல்ல, வழக்கமாகப் போய்த் திரும்புவது. தமிழில் ‘போய்வரும்’ என்று இரண்டு வினை சேர்த்துச் சொல்வதை ரஷ்யன் தனி வினையாகவே வைத்திருக்கிறது.

வேலைத்திட்டம், நாளுக்கு நாற்பது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள்:

முதல் நாள், பத்து நிமிடத்தையும் சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள். புரிந்த சொற்களை எண்ணிவையுங்கள். ஏழெட்டுக்கு மேல் இருக்காது, கவலை வேண்டாம். பிறகு ஆங்கில சப்டைட்டிலோடு ஒரே ஒருமுறை, கதைக்காக. அதன்பின் அந்த சப்டைட்டிலை மறந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து, ரஷ்ய சப்டைட்டிலோடு வரிவரியாக நிறுத்திப் பாருங்கள். தெரியாத எல்லாவற்றையும் அகராதியில் தேடாதீர்கள். எட்டுத் தொடர்கள் போதும். தனிச்சொல் எழுதக் கூடாது, முழுத்தொடராக எழுத வேண்டும். ‘கரடிக்குட்டி’ என்று எழுதினால் பெயர் மட்டும் நிற்கும். ‘கரடிக்குட்டியிடம் போய்வரும்’ என்று எழுதினால் முன்சொல், விகுதி, வினை மூன்றும் சேர்ந்து நிற்கும்.

மூன்றாம் நாள் கேட்டெழுதுதல். திரையை மூடிவிட்டு ஆறு வாக்கியங்களைக் காதால் கேட்டு எழுதுங்கள், ஒரு வாக்கியத்துக்கு ஐந்துமுறைக்கு மேல் ஓட்ட வேண்டாம். பிறகு சப்டைட்டிலோடு ஒப்பிடுங்கள். இந்த முறையில் மிகுந்த பலன் தருவது பிழைகளைத் தரம் பிரிப்பதுதான். ‘ஓ’ போட வேண்டிய இடத்தில் ‘அ’ போட்டிருந்தால் காது சரி, எழுத்துக்கூட்டல்தான் தப்பு, திருத்திக்கொண்டு போகலாம். சொல்லின் கடைசியில் ‘த’வின் அதிரும் வடிவத்துக்குப் பதில் அதிராததை எழுதியிருந்தாலும் அப்படித்தான், அங்கே ஒலி உண்மையிலேயே மாறிவிடுகிறது. விகுதி தப்பென்றால் இலக்கணம் தெரியவில்லை என்று பொருள், அந்த வேற்றுமை அட்டவணைக்குப் போங்கள். ஒரு சொல்லே காணோமென்றால் அது பெரும்பாலும் வ், க், ஸ் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நான்காம் நாள் நிழல்பேச்சு. பத்தாலவ் பேசும்போது அரை விநாடி பின்தங்கி அவரோடு சேர்ந்து பேசுங்கள். கைபேசியில் பதிவு செய்து, அவருடையதோடு அடுத்தடுத்து ஓட்டிக் கேளுங்கள். தமிழர்கள் பேச்சில் இரண்டு குறை உடனே தெரியும்: மெய்கள் அடுக்கி வரும் இடத்தில் நடுவே இகர உகரம் நுழைப்பது, எல்லா அசைக்கும் சம அழுத்தம் கொடுப்பது. முதலாவதுக்கு மருந்து, அடுக்கைப் பின்னாலிருந்து கட்டுவது: யோஸ்தி, வ்யோஸ்தி, ஸ்வ்யோஸ்தி.

ஐந்தாம் நாள் சப்டைட்டில் இல்லாமல் அதே இரண்டு நிமிடம். பிறகு நடந்ததை ஐந்து வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எட்டுத் தொடரையும் ஆன்கி என்ற நினைவட்டைச் செயலியில் ஒலியோடு ஏற்றுங்கள்.

இரண்டாவது வாரத்தில் இதே சுற்றைச் சற்று வேகமாக நடத்தி மீதியை முடிக்கலாம். கடைசிப் பகுதியில் மட்டும் நிதானியுங்கள். அங்கே பேசுவது குட்டிக் கரடி. அதற்குக் குரல் கொடுத்த வியச்சிஸ்லாவ் நிவீன்னி பதற்றத்தில் படபடவென்று கொட்டுவார். உன்னை விட்டால் நட்சத்திரத்தை யார்தான் எண்ணுவது என்று அது புலம்பும்போது முதல் வாக்கியத்தின் ‘ஷித்தாத்’ திரும்ப வரும். அந்தச் சொல் தானாகக் காதில் வந்து விழுந்தால் இரண்டு வாரம் வீணாகவில்லை.

அதே குரல், பெரிய படங்கள்

‘கொக்குகள் பறக்கின்றன’ கலாத்தோஸவ் இயக்கியது, ஒளிப்பதிவு உருஸேவ்ஸ்கி. 1958இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. பத்தாலவுக்காக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்: போரிஸ் போருக்குப் போய்ப் படத்தின் முதல் பாதியிலேயே செத்துவிடுகிறான். ஆகவே பாடத்துக்குத் தொடக்கக் காட்சிகளை எடுங்கள், போரிஸும் வெரோனிகாவும் அதிகாலைத் தெருவில் பேசுவதும் மாடிப்படிக் காட்சியும். அவன் அவளைப் ‘பியேல்கா’, அதாவது அணில், என்றே கூப்பிடுவான். படத்தின் தலைப்பைக் கவனியுங்கள்: லித்யாத் ஷுரவ்லீ. வினை முன்னால், எழுவாய் பின்னால். ‘பறக்கின்றன கொக்குகள்’ என்று நாமும் கவிதையில் எழுதுவோம். ‘லித்யாத்’ ஒரே திசையில், இப்போது, கண்ணெதிரே பறப்பது. முள்ளெலியின் ‘ஹதீல்’ போன்ற போய்வருதல் அல்ல. இரண்டு படத்தின் இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்தால், பாடநூல்கள் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்ளும் போக்குவினைகளின் அடிப்படை பிடிபட்டுவிடும்.

‘நாய்க்காரச் சீமாட்டி’க்குத் தமிழர் வேறொரு வழியில் போகலாம். மாஸ்கோவிலிருந்து அச்சாகி நியூ செஞ்சுரி கடைகளில் விற்ற தமிழ்ப் பெயர்ப்புகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. முதலில் கதையைத் தமிழில் படியுங்கள், அடுத்து ஹெய்ஃபித்ஸ் இயக்கிய படம், அதற்குப்பின் ரஷ்ய மூலத்தில் அந்தக் காட்சிக்குரிய பத்திகள். ஆங்கிலமே குறுக்கே வராது. தலைப்பிலேயே பாடம் இருக்கிறது: தாம ஸ் ஸபாச்கய், நாய்க்குட்டியோடு இருக்கும் சீமாட்டி. ‘ஸ்’ என்பது நம் ‘ஓடு’. தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுக’ளைத் தமிழில் படித்தவர்கள், அதைத் தழுவிய தமிழ்ப் படமான ‘இயற்கை’யைப் பார்த்தவர்கள், பீரியெவ் 1959இல் எடுத்த படத்தையும் இதேபோல எடுத்துக்கொள்ளலாம்.

‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ மென்ஷவ் இயக்கியது, இரண்டு பாகம், ஏறத்தாழ இரண்டரை மணி. மஸ்க்வா ஸ்லிஸாம் நி வ்யேரித். இங்கே தமிழ் காலை வாரும்: நாம் ‘கண்ணீரை’ நம்புகிறோம், அவர்கள் ‘கண்ணீருக்கு’ நம்புகிறார்கள். எந்த வினை எந்த வேற்றுமையைக் கேட்கும் என்பதில் மட்டும் தமிழை நம்பாதீர்கள். பத்தாலவ் இரண்டாம் பாகத்தில்தான் வருவார், மின்ரயிலில். அந்த ரயில் காட்சி ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

பெயர்க் குழப்பம் தீர வேண்டுமென்றாலும் இந்தப் படம்தான். காணாமல்போன கோஷாவைத் தேடிப் போகிறவர் வாசலில் நின்று ‘கோகா என்கிற கோஷா என்கிற யூரி என்கிற கோரா என்கிற ஷோரா’ என்று அடுக்குவார். எல்லாம் கியோர்கி என்ற ஒரே பெயர். ரஷ்ய நாவல் படிக்கும்போது யார் யாரென்று விழித்தவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். மரியாதைக்குப் பெயரோடு தந்தைபெயர் சேரும். பேச்சில் அது சுருங்கும். எழுத்தில் ‘செமியோனவிச்’ என்று இருப்பது வாயில் ‘செம்யோனிச்’. ‘அலுவலகக் காத’லில் எழுத்தர் மேலதிகாரி லியுத்மீலா பிரகோஃபியெவ்னாவை, பெயரையும் தந்தைபெயரையும் மாற்றிப் ‘பிரகோஃபியா லியுத்மீலவ்னா’ என்று கூப்பிடுவார். சப்டைட்டிலில் அந்த நகைச்சுவை தேறாது.

நகைச்சுவைக்கு வந்துவிட்டோம் என்பதால் ஒரு வாக்கியம். கைதாயின் ‘வைரக் கை’ 1969இல் வந்தது. அதில் குடியிருப்பு நிர்வாகி அம்மாள் சொல்லும் வசனம் இன்றும் ரஷ்யர் வாயில் பழமொழியாகப் புழங்குகிறது: நாஷி ல்யூதி வ் பூலச்னுயு ந தக்ஸீ நி யேஸ்தித். நம்மாட்கள் ரொட்டிக்கடைக்கு டாக்ஸியில் போவதில்லை. சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசையே. ‘யேஸ்தித்’ வண்டியில் போய்வருவது, வழக்கமாக. காலால் போவதற்கு வேறு வினை. ஒரே வாக்கியத்தில் இவ்வளவும் அடங்குவதால், மனப்பாடம் செய்ய ஒரு வரி மட்டும் வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வோம்.

எங்கே தவறும், ஏன்

சப்டைட்டிலில் பார்த்ததும் காதில் கேட்டதும் வேறாக இருக்கும் சொற்கள் சில உண்டு. ‘அவனுடைய’ என்பதை ‘யெகோ’ என்று எழுதி ‘யிவோ’ என்பார்கள், ‘இன்று’ என்பதும் அப்படியே ‘ஸிவோத்ன்யா’. ‘இதோ, இப்போது’ என்பதற்கான ‘ஸிச்சாஸ்’ வேகத்தில் ‘ஷ்ஷாஸ்’ ஆகிவிடும். குளித்து வருபவரிடம் சொல்லும் ‘ஸ் ல்யோஹ்கிம் பாரம்’ என்ற வாழ்த்தில் எழுத்து க, ஒலி ஹ. இவை பிழையல்ல, பட்டியல் போட்டுப் பழக வேண்டியவை.

சில படங்கள் ஆரம்பத்தில் ஏமாற்றும். 1969இல் தொடங்கிய ‘நூ, பகதீ’ கார்ட்டூனைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதில் பேச்சே கிடையாது என்று சொல்லலாம். ஹித்ரூக்கின் வின்னி-பூஹ் கரடி அருமைதான், ஆனால் அதற்குக் குரல் கொடுத்த லியோனவின் பேச்சைப் பதிவில் வேகமாக்கியிருக்கிறார்கள், நிழல்பேச்சுக்கு ஆகாது. ‘அதிர்ஷ்டக் கனவான்கள்’ 1971 முழுக்கத் திருடர் பாஷை. ‘மிமினோ’வில் ஜார்ஜிய, ஆர்மீனிய வாடையோடு ரஷ்யன் பேசுவார்கள். பந்தர்ச்சூக்கின் ‘போரும் அமைதியும்’ நான்கு பாகம், நடுவில் பிரெஞ்சு வேறு. இவற்றுக்கு இரண்டாம் ஆண்டில் வாருங்கள்.

காலம் கடந்த சொற்களையும் வடிகட்ட வேண்டும். படத்தில் எல்லோரும் எல்லோரையும் ‘தவாரிஷ்’, தோழர், என்பார்கள். இன்று மாஸ்கோக் கடையில் அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார்கள். பெண்ணை ‘தியேவுஷ்கா’ என்றும் ஆணை ‘மலதோய் சிலவ்யேக்’ என்றும் கூப்பிடுவது வழக்கம். ‘இஸ்வினீத்யே’, மன்னியுங்கள், என்று தொடங்குவது இன்னும் பத்திரம். ஆன்கி அட்டையில் பழையவற்றுக்குத் தனி நிறம் கொடுங்கள்.

நான்கு படமும் முடிந்தபின் தினமும் கேட்க ஏதாவது வேண்டுமென்றால், லியோஸ்னவா 1973இல் எடுத்த ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’ தொலைக்காட்சித் தொடர். பன்னிரண்டு பகுதி. ஒற்றர் கதை, ஆனால் ஓட்டமில்லை. மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். கதைசொல்லி யெஃபீம் கபெல்யானின் கனத்த குரல் கோப்பு வாசிப்பது போலத் தேதியும் பெயரும் பதவியும் சொல்லிக்கொண்டு போகும். எண்களும் மாதங்களும் எந்தப் பயிற்சிநூலிலும் இப்படிப் படியாது. முதல் பகுதியில் அவர் சொல்லும் தேதிகளை மட்டும் எழுதுங்கள், வேறெதுவும் வேண்டாம். இரண்டாம் பகுதியில் பதவிப்பெயர்கள்.